அரபு தெரிந்தவருக்கு அந்தப் பேச்சு புரியுமா? சோதித்துப் பார்க்க ஒரு வழி

தெற்கு ஓமானின் சலாலாவில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஜூலை மாதத்துக் கரீஃப் (அங்கத்திய மழைக்காலம்) தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மலைப்பக்கத்திலிருந்து ஒரு பாட்டியை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, பேரன் பார்க்கிங் தேடிப் போய்விட்டான். பதிவுப் படிவத்தில் ‘மொழி’ என்று ஒரு கட்டம் இருந்தது. யோசிக்காமல் ‘அரபு’ என்று எழுதினேன். ஓமான் அடையாள அட்டை, வாயைத் திறந்ததும் சலாம். வேறென்ன எழுதுவது?

உள்ளே இருந்தவர் எகிப்துக்கார டாக்டர். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பாட்டி ‘ஐவா’ (ஆமாம்) என்றார். எத்தனை நாளாக? ‘ஐவா’. ஏற்கெனவே மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அதற்கும் ‘ஐவா’, கூடவே நீளமாக ஏதோ விளக்கம். ஐந்து நிமிடம் கழித்து டாக்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். “இந்த அம்மா எந்த ஊர் அரபு பேசுகிறார்? ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.”

சட்டை நனைய உள்ளே வந்த பேரன்தான் சொன்னான்: “இது அரபே இல்லை சதீக் (நண்பரே). எங்கள் மொழி. ஷஹ்ரி.”

வளைகுடாவுக்குப் புதிதாக வந்தவர்கள், அரபு படிக்கத் தொடங்கியவர்கள், அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். ‘இதை அரபுக்காரர் யாரிடமாவது கொடுத்தால் புரிந்துவிடாதா?’ அதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: அது கிளையா, உறவா, பக்கத்து வீடா?

அரபு நாட்டில் பேசுகிறார்கள் என்பது வேறு, அரபு பேசுகிறார்கள் என்பது வேறு. ஓமானையே எடுத்துக்கொள்ளுங்கள். தோஃபார் மலைகளில் ஷஹ்ரி (இதையே ஜிப்பாலி என்றும் சொல்வார்கள்), பாலைப் பக்கம் மஹ்ரி, ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் ஹர்சூசி. வடக்கே முசந்தம் முனையில் படகில் போய்ச் சேரும் கும்ஸார் ஊரில் பேசுவது கும்ஸாரி. அது பாரசீகத்தின் இனம். மஸ்கட் கடற்கரையில் பலூச்சி. முத்ராவின் பழைய மதில்சூழ் குடியிருப்பைச் சேர்ந்த குடும்பங்களில் சிந்தி, கச்சிக்கு உறவான லவாத்தி. சான்சிபாரில் 1964 புரட்சிக்குப் பின் திரும்பிவந்த குடும்பங்களின் வீடுகளில் ஸ்வாஹிலி. இத்தனை பேரும் ஓமானியர்தான், பெரும்பாலோர் நல்ல அரபும் பேசுவார்கள். ஆனால் அவர்களுடைய வீட்டுப் பேச்சு அடுத்த தெரு ஓமானியருக்கே புரியாது.

ஆகவே ஒரு பேச்சு காதில் விழுந்ததும் அது மூன்று குவியலில் எதில் சேரும் என்று பாருங்கள்.

கிளை என்றால் அரபிலிருந்தே பிரிந்த வழக்குகள். மொராக்கோவின் தாரிஜா, மொரித்தானியாவின் ஹஸ்ஸானிய்யா, சாட் நாட்டு அரபு, எகிப்து, சூடான், சிரியா, இராக், ஏமன் பேச்சுகள் எல்லாம் இதில் அடங்கும். சைப்ரஸ் தீவில் கொர்மகித்தி கிராமத்து மரோனியக் கிறிஸ்தவர்கள் ‘சன்னா’ என்று அழைக்கும் பேச்சும் அரபுக் கிளைதான். கிரேக்கத்துக்கு நடுவே பல நூற்றாண்டு தனியாகக் கிடந்ததில் இன்று மற்ற அரபு பேசுபவர்களுக்கு அது பிடிபடுவதே இல்லை. மால்டாவின் மொழியையும் இங்கேயே வைக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உறவு என்றால் ஒரே செமித்தியக் குடும்பத்து மொழிகள். எபிரேயம், அம்ஹாரிக், டமாஸ்கஸுக்கு வடக்கே மஆலூலாவிலும் அதை அடுத்த இரண்டு ஊர்களிலும் பேசிவந்த அரமேயம், பாட்டியின் ஷஹ்ரி எல்லாம் இதில் வரும். நமக்கு மலையாளம்போல நெருக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் மத்திய இந்தியாவின் திராவிட மொழியான கோண்டி கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வேர்ச்சொல் ஒன்றிரண்டு மின்னும், அவ்வளவுதான். வீடு என்பது அரபில் ‘பைத்’, எபிரேயத்தில் ‘பயித்’, அம்ஹாரிக்கில் ‘பேத்’. தலை ‘ரஃஸ்’, எபிரேயத்தில் ‘ரோஷ்’. அதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஷஹ்ரியில் ஒன்று ‘தத்’, இரண்டு ‘த்ரோ’. அரபில் ‘வாஹித்’, ‘இத்னைன்’. ஷஹ்ரியில் ஓர் ஒலி உண்டு: ‘ல’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ‘ஸ்’ என்று காற்றை விட வேண்டும். இன்றைய அரபுப் பேச்சுகளில் பொதுவாக இந்த ஒலி கிடையாது. அதைக் கேட்டால் உடனே நிறுத்தி, ‘என்ன மொழி?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீடு என்றால் குடும்பமே வேறு, ஆனால் கொடுக்கல் வாங்கல் ஏராளம். பாரசீகம், உருது, குர்தி, ஸ்வாஹிலி, நுபியம், கும்ஸாரி எல்லாம் அப்படி. மொராக்கோ 2011லும் அல்ஜீரியா 2016லும் ஆட்சிமொழியாக ஏற்ற அமாசிக் (பெர்பர் மொழி) தூரத்துச் சொந்தம். ஆனாலும் தாய்மொழியாக அரபு மட்டும் கொண்டவருக்கு அதில் எதுவும் பிடிபடாது. எகிப்தின் சிவா சோலையில்கூட அந்த இனத்து மொழி ஒன்று பேசுகிறார்கள். கெய்ரோக்காரர் அங்கே சுற்றுலா போய் விழித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்த மூன்றிலும் அடங்காத ஒன்றும் உண்டு. தெற்கு சூடானின் ஜூபா அரபு, கென்யாவில் நைரோபியின் கிபெராவிலும் உகாண்டாவிலும் பேசும் நுபி. சொற்கள் பெரும்பாலும் அரபு. இலக்கணம் கழற்றி மறுபடி பூட்டியது. ஆண்பால், பெண்பால், வினைத்திரிபு எல்லாம் போய்விட்டன. அரபுக்காரர் கேட்டால், ‘சொல்லெல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது, ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை’ என்பார்.

அடுத்தது: கடன்சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு அரபுக்காரரை நம்மூர்க் கோர்ட்டு வாசலில் நிறுத்துங்கள். வக்கீல், கைதி, அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து, ஜில்லா, இனாம் என்று அவர் காதில் விழுவதெல்லாம் அரபில் பிறந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொற்கள். அதற்காக அவருக்குத் தமிழ் புரிகிறது என்று சொல்வோமா? ‘நகல்’ மட்டும் கேட்டுவிட்டு, அது கிடைத்ததா, கிடைக்கவில்லையா, யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் நிற்பார்.

ஸ்வாஹிலியில் இது இன்னும் வேடிக்கை. புத்தகத்துக்கு ‘கிதாபு’. அப்பட்டமான அரபு. ஆனால் பன்மையில் ‘விதாபு’! ‘கி’ என்பதைத் தங்கள் மொழியின் ஒருமை முன்னொட்டாக எடுத்துக்கொண்டு, பன்மைக்கு ‘வி’ போட்டுவிட்டார்கள். அரபில் பன்மை ‘குதுப்’. ஸ்வாஹிலியில் ஒன்று முதல் பத்து வரையான எண்களிலும் ஆறு, ஏழு, ஒன்பது மட்டும் அரபிலிருந்து போனவை, மற்றவை அவர்களுடையவை. எண் ஒத்துப்போகிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சோதனை எளிது. சமயம், சட்டம், வியாபாரம், நேரம் பற்றிய பெயர்ச்சொற்கள் ஒத்திருந்தால் அது கடன். ‘நான், நீ, இல்லை, வந்தான், என்னுடைய, எங்கே’ போன்ற சில்லறைச் சொற்கள் ஒத்திருந்தால் அது கிளை. சில்லறையை யாரும் கடன் வாங்குவது அபூர்வம்.

எழுத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். உருதுவையும் பாரசீகத்தையும் அரபுக்காரர் ஓரளவு எழுத்துக்கூட்டி வாசிப்பார், பொருள் தெரியாது. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழங்கிய அரபுத் தமிழ் ஏடுகளும் அப்படியே. எழுத்து அரபு, கூடவே தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி சேர்த்த சில எழுத்துகள், மொழி தமிழ். கெய்ரோவிலிருந்து வந்த ஆலிமிடம் கொடுத்தால் நடுநடுவே வரும் மார்க்கச் சொற்களை மட்டும் பொறுக்குவார். தலைகீழாகவும் உண்டு: மால்டா மொழி ரோமன் எழுத்தில் இருக்கிறது என்பதாலேயே அது அரபின் பிள்ளை என்று பலர் சந்தேகிப்பதே இல்லை.

எந்த அரபுக்காரர்?

கேள்வியில் பாதி இங்கேதான் இருக்கிறது. ‘அரபுக்காரருக்குப் புரியுமா’ என்பது ‘இந்தியருக்குப் புரியுமா’ என்பதுபோலத்தான்.

பள்ளியில் எல்லோரும் படிப்பது ஃபுஸ்ஹா என்னும் எழுத்து அரபு. செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, பாடநூல், வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு எல்லாம் அதில். வீட்டில் பேசுவது ஆம்மிய்யா. மேற்கே அதற்கு தாரிஜா என்று பெயர். இந்த இரட்டை வழக்கை 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் விளக்கியபோது அரபைத்தான் முதன்மை உதாரணங்களில் ஒன்றாக வைத்தார். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதி ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே இடைவெளி இன்னும் அகலம். அடிப்படைச் சொற்களே மாறும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், புரிதல் ஒருவழிப் பாதையாக இருக்கலாம் என்பது. மொராக்கோக்காரருக்கு எகிப்துப் பேச்சு புரியும்; எகிப்துக்காரருக்கு மொராக்கோப் பேச்சு புரிவது கடினம். மொழியின் அமைப்பைவிடக் கேட்டுப் பழகியதுதான் இதற்குப் பெரிய காரணம். கெய்ரோவின் சினிமாவும் பாட்டும் பல தலைமுறையாக எல்லா நாட்டு வீட்டுக்குள்ளும் போயிருக்கின்றன. 2008 வாக்கில் துருக்கித் தொடர்களைச் சிரியப் பேச்சில் டப்பிங் செய்து ஒளிபரப்பத் தொடங்கியபிறகு, டமாஸ்கஸ் பேச்சும் ரியாத் வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்டது. காசாபிளாங்காவிலிருந்து அப்படி எதுவும் கிழக்கே பெரிதாகப் போகவில்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் புரிவதும், நமக்கு அவர் பேசும் மலையாளம் வேகமாக வந்தால் திணறுவதும் இதே கணக்குதான்.

எனவே உதவிக்கு ஓர் அரபுக்காரரைத் தேடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊர்? வேறு ஊர்க்காரர்களோடு வேலை செய்திருக்கிறாரா? துபாயில் பத்து வருடம் பல நாட்டவரோடு இருந்த சூடானியர், ஊரைவிட்டே வெளியே போகாத பேராசிரியரைவிட நன்றாகப் பிடிப்பார். வெவ்வேறு நாட்டு அரபுக்காரர்கள் சந்தித்தால், தங்கள் ஊர்ச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி, எழுத்து அரபையும் தெரிந்த பொதுச்சொல்லையும் கலந்து பேசுவார்கள். அதற்கு ‘லஹ்ஜா பைளா’, வெள்ளை வழக்கு, என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் சிரியரும் துனிசியரும் சிரமமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள் என்றால், அந்த இருவருமே வளைந்து கொடுக்கிறார்கள் என்று பொருள். துனிசியர் அம்மாவோடு போனில் பேசும்போது சிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ‘அனா மாலூம் மாஃபி’, ‘இந்த்தா ரூஹ்’, ‘சீதா போ’ என்று பத்து வருடம் ஓட்டியவர்கள் ‘எனக்கு அரபு அத்துப்படி’ என்பார்கள். அது தெற்காசியத் தொழிலாளர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து உண்டாக்கிய தனிக் கலப்புப் பேச்சு. ‘சீதா’ இந்தியிலிருந்தே போனது. சிக்கல் என்னவென்றால், முதலாளியும் நம்மிடம் அந்தப் பேச்சிலேயே திரும்பப் பேசுகிறார். அதனால் அவர் நிஜமாகப் பேசுவது எப்படி இருக்கும் என்று நாம் கேட்டதே இல்லை.

காதைத் தயார் செய்வது

தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்து அரபு கற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் முதல் நோட்டில் ‘இதயம்: கல்ப்’ என்றும் ‘நாய்: கல்ப்’ என்றும் எழுதிவைத்திருந்தேன். இதயத்தில் வருவது தொண்டை ஆழத்துக் ‘க’, நாயில் வருவது சாதாரணக் ‘க’. ‘என் இதயமே’ என்று பாசமாகச் சொல்வதை நான் சொன்னதும் கூட வேலைசெய்த லெபனான் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘என் நாயே’ என்றிருக்கிறேன்.

ஊர் மாறினால் இந்த ஒலிகளும் மாறும். அந்த ஆழத்துக் ‘க’ கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் மறைந்து ஒரு விக்கல்போல நின்றுவிடும். இதயம் ‘அல்ப்’ ஆகிவிடும். வளைகுடாவிலும் சூடானிலும் அது ‘கங்கை’யின் முதல் ‘க’. குவைத், இராக் பக்கம் நாயின் ‘க’ ‘ச்ச’ ஆகி ‘சல்ப்’ என்று கேட்கும். ‘ஜ’வும் அப்படித்தான். ஒட்டகம் பொதுவாக ‘ஜமல்’, குவைத்தில் ‘யமல்’, கெய்ரோவில் ‘கமல்’. சிரிக்காதீர்கள். ‘வாழைப்பழம்’ ஒரு ஊரில் ‘வாளப்பளம்’, இன்னொரு ஊரில் ‘வாயப்பயம்’ ஆவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. மாற்று விதி தெரிந்துவிட்டால் பாதிச் சொற்கள் தானாகத் திறந்துகொள்ளும். அரபுக்காரர்களும் இப்படித்தான் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள்.

யார் எந்த ஊர் என்று தெரிய எனக்குப் பிடித்த தந்திரம், ‘இப்போது’ என்ற ஒரு சொல்லைப் பிடிப்பது. எகிப்தில் ‘தில்வஅத்தி’, சிரியா லெபனானில் ‘ஹல்ல’, வளைகுடாவில் ‘அல்ஹீன்’, இராக்கில் ‘ஹஸ்ஸா’, துனிசியா லிபியாவில் ‘தவ்வா’, மொராக்கோவில் ‘தாபா’. பாடநூலில் இருப்பது ‘அல்ஆன்’. தெருவில் அதைக் கேட்கவே மாட்டீர்கள். இன்னொரு அடையாளம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘நிக்திப்’ என்றால் கிழக்கே ‘நாங்கள் எழுதுகிறோம்’. லிபியாவிலிருந்து மேற்கே ‘நான் எழுதுகிறேன்’. துனிசியர் தனியாளாக ஒரு வேலையைச் செய்வதாகச் சொல்லும்போது ஜோர்டான்காரர், ‘கூட யார் யார்?’ என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

சோதனையை நடத்துவது

‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. ‘புரிகிறது’ என்று சொல்வதற்கு மனிதர்களுக்கு ஆயிரம் காரணம் உண்டு: வெட்கம், மரியாதை, அவசரம், ‘நானும் அரபுதானே’ என்ற ரோஷம். பாட்டி சொன்ன ‘ஐவா’ அந்த வகை. ‘அவர் என்ன சொன்னார், திருப்பிச் சொல்லுங்கள்’ என்றுதான் கேட்க வேண்டும்.

யூடியூபில் அந்தப் பேச்சில் இரண்டு நிமிடப் பதிவு ஒன்றைத் தேடுங்கள். செய்தி வேண்டாம், மேடைப் பேச்சு வேண்டாம்; அவற்றில் எழுத்து அரபு கலந்திருக்கும், எல்லோருக்கும் புரியும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. கிராமத்துப் பாட்டி சமைப்பது, சந்தையில் பேரம், இரண்டு வயதானவர்கள் பழங்கதை பேசுவது இந்த மாதிரி எடுங்கள். படம் தெரியாமல் ஒலியை மட்டும் போடுங்கள். வெங்காயத்தைப் பார்த்துவிட்டால் ‘வெங்காயம் நறுக்கச் சொல்கிறார்’ என்று யாரும் சொல்லிவிடலாம். எந்த நாடு என்றும் சொல்லாதீர்கள். ‘மொராக்கோ’ என்ற பெயரைக் கேட்டதுமே ‘ஐயோ, அது புரியாது’ என்று காதை மூடிக்கொள்பவர்கள் நிறைய.

முன்கூட்டியே அந்தப் பேச்சுக்காரர் ஒருவரை வைத்துப் பத்துத் தகவல் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன சாமான், எத்தனை, எது முதலில், எதைச் செய்யக் கூடாது. கேட்டவர் திருப்பிச் சொல்வதில் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். ‘செய்யக் கூடாது’ வகைத் தகவலைக் கட்டாயம் வையுங்கள். அரைகுறைப் புரிதலில் முதலில் காணாமல் போவது ‘இல்லை’தான். பத்தில் எட்டுக்கு மேல் வந்தால் அன்றாட வேலைக்குப் போதும். ஐந்துக்குக் கீழ் என்றால் அதை வேற்றுமொழி என்றே வைத்துக்கொண்டு ஆள் தேடுங்கள். இது என் கைக்கணக்கு. நடுவில் வருபவர்களுக்கு, பேச்சு எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி போட்டுக் காட்டுங்கள். சட்டென்று கூடினால், அவர் சொல்லைப் பிடிக்கவில்லை, ஊகிக்கிறார். ஊகம் சந்தையில் உதவும், மருந்துக்கடையில் உதவாது. முடிந்தால் இருவரையும் இடம் மாற்றி நடத்துங்கள். எதிர்த்திசையில் எண் வேறாக வரும்.

மால்டாவை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தச் சோதனையையே தலைகீழாக்கும். 870இல் அரபுப் படை வந்தபின் சிசிலி வழியாக வேரூன்றிய அரபு, 1091இல் நார்மன்கள் வந்தபின் மெல்ல மெல்ல மற்ற அரபிலிருந்து அறுபட்டது. இத்தாலியமும் சிசிலியமும் கொட்டி நிரம்பின. அகராதியில் பாதியளவு அந்த வழிச் சொற்கள். 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ‘உன் பெயர் என்ன’ என்பதற்கு மால்டாவில் ‘ஷிஸ்மெக்’. பெய்ரூத்தில் ‘ஷு இஸ்மக்’. ‘இப்போது’ மால்டாவில் ‘இஸ்ஸா’. இராக்கின் ‘ஹஸ்ஸா’வுக்குச் சொந்தம். ரொட்டி ‘ஹோப்ஸ்’, நாய் ‘கெல்ப்’, வீடு ‘தார்’. கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்குப் பெயர் ‘ரந்தான்’. ஆமாம், ரமதானேதான். நன்றிக்கு மட்டும் ‘கிராட்சி’.

மற்ற அரபுப் பேச்சுகளில் செய்தி எளிது, சமையலறை கடினம். மால்டாவில் சமையலறை எளிது, செய்தி கடினம். அரசாங்கம், அமைச்சர், முடிவெடுத்தது என்று வருவதெல்லாம் இத்தாலியம். கதவைச் சாத்து, தண்ணீர் கொடு என்பதெல்லாம் அரபு. துனிசியாவையும் லிபியாவையும் மால்டாவோடு ஒப்பிட்டுக் கேட்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. துனிசியருக்கும் லிபியருக்கும் மால்டாப் பேச்சு நாற்பது சதம் அளவுக்கும், மால்டாக்காரருக்கு அவர்கள் பேச்சு முப்பது சதம் அளவுக்கும் பிடிபட்டதாக வந்தது. துனிசியரும் லிபியரும்தான் மால்டாவுக்கு மிக நெருங்கிய பேச்சுக்காரர்கள். குவைத்காரருக்கு இன்னும் குறையும்.

புரிந்துவிட்டது என்று நினைக்கும்போது வரும் ஆபத்து

புரியாத சொல் தொந்தரவே இல்லை. நிறுத்திக் கேட்டுவிடலாம். புரிந்ததுபோல நடிக்கும் சொல்தான் காலை வாரும். ‘ஐஷ்’ எகிப்தில் ரொட்டி, வளைகுடாவில் சோறு. ‘லபன்’ எகிப்தில் பால், இங்கே மோர். குழந்தைக்கு எதைக் கொடுக்கச் சொன்னார் என்பதில் இது சின்ன விஷயமில்லை. ‘கஷ்ம்’ வளைகுடாவில் மூக்கு, சூடானில் வாய். சொட்டு மருந்தை எங்கே விடச் சொன்னார்கள்? ‘மப்சூத்’ என்றால் பெரும்பாலான ஊர்களில் சந்தோஷமாக இருக்கிறேன். இராக்கில் நன்றாக அடி வாங்கியவன்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது ‘யஅதீக் அல் ஆஃபியா’. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து ‘கடவுள் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும்’ என்று சொல்லும் அழகான வழக்கம். வளைகுடாவிலும் சிரியாவிலும் நாளுக்கு இருபது தடவை காதில் விழும். மொராக்கோவில் ‘ஆஃபியா’ என்றால் நெருப்பு. புதிதாகச் சேர்ந்த மொராக்கோ நர்ஸிடம் பணிவோடு அதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த ஃபைலை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவரே விளக்கினார். அங்கே அது ‘உனக்குக் கொள்ளி வைக்க’ என்பதற்கு நெருக்கமாம்.

எழுத்தில் வந்தால்

குறுஞ்செய்திகளில் ரோமன் எழுத்தில் எழுதி நடுவே 2, 3, 7 என்று எண் போடுவார்கள். அரபு ஒலிகளுக்கு ரோமனில் எழுத்து இல்லாததால், அரபு எழுத்தின் வடிவத்துக்கு ஒத்த எண். 3 என்பது ‘ஐன்’ என்னும் தொண்டை ஒலி, 7 என்பது அழுத்தமான ‘ஹ’. 9 மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: மேற்கே அது ஆழத்துக் ‘க’, வளைகுடாவில் அழுத்தமான ‘ஸ’. அது ஒன்றை வைத்தே அனுப்பியவரின் ஊரை ஊகித்துவிடலாம். தானியங்கி மொழிபெயர்ப்பில் ‘அரபு’ என்று தேர்ந்தெடுத்து தாரிஜாவைப் போட்டால், எழுத்து அரபுக்கு இழுத்துவைத்துப் பொருள் சொல்லும்; தவறை நம்பிக்கையாகவும் சொல்லும். போட்டால், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

உயிர், பணம், வழக்கு சம்பந்தப்பட்டால்

இங்கே சோதனை, ஊகம் எதுவும் வேண்டாம். ‘அரபு மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்று கேட்காமல், ஊரையும் சொல்லிக் கேளுங்கள். சாட் நாட்டவருக்கு லெபனான் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டு, ‘இருவரும் அரபு’ என்று கோப்பை மூடிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. இருவரையும் முதலில் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசவிடுங்கள்: எங்கிருந்து வந்தீர்கள், வரும் வழியில் என்ன பார்த்தீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். ‘ஆமாம், இல்லை’ பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். எங்கே, எப்போது, எத்தனை என்று கேளுங்கள். உடம்பு விஷயமென்றால் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உறவினர் மொழிபெயர்த்தால் நீளத்தைக் கவனியுங்கள். பாட்டி இரண்டு நிமிடம் பேசி, பேரன் ‘வலிக்குதாம்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அன்று அந்தப் பாட்டியின் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர். பேரன் வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது, மூன்று நாளைக்கு முன் மலைச்சேற்றில் வழுக்கி விழுந்திருக்கிறார். வலி இடுப்பில்.

அதன்பிறகு எங்கள் படிவத்தில் ‘மொழி’ என்ற கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு இரண்டாக்கிவிட்டேன்: வீட்டில் பேசுவது, டாக்டரிடம் பேச விரும்புவது. கூட வரும் பிள்ளைகள் இரண்டாவதில் ‘அரபு’ என்று எழுதிவிட்டு முதலாவதைக் காலியாக விடுவார்கள். ஏன் என்று ஒரு பையனிடம் கேட்டேன். “அதற்கு எழுத்தே கிடையாதே, அதைப் போய் எழுத வேண்டுமா?” என்றான். பேனாவை மறுபடி அவன் கையில் கொடுத்தேன்.